கடிதத்தின் தொனி: கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் பிரதேச செயலகமொன்றில் 24 ஆண்டுகள் தபால் பகுதியில் இருந்து, வந்த கடிதங்களைப் பிரித்துப் பதிவேட்டில் பதிந்து உரிய மேசைக்கு அனுப்பியவன் என்ற முறையில், நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காரைதீவிலிருந்து: எங்கள் ஒழுங்கையில் நான்கு மாதமாக வீதி விளக்கு எரியவில்லை. பிரதேச சபைக்கு எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இம்முறை காரமாக எழுதலாமா?

வேண்டாம். உங்கள் கடிதத்தை முதலில் வாசிப்பவர் தவிசாளர் அல்லர். காலையில் தபால் பையைப் பிரிக்கும் எழுதுவினைஞர். ஒரு பக்கம் முழுவதும் "பொறுப்பற்ற நிர்வாகம்" என்று எழுதியிருந்தால், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் எந்தப் பிரிவுக்கு அதை அனுப்புவது என்பதையும் அவர் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இப்படி எழுதுங்கள்: "மேற்படி விடயம் தொடர்பாக நான் அனுப்பிய, இன்ன திகதிய கடிதத்துக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை. பழுதடைந்த விளக்கு, கோயில் சந்தியிலிருந்து மூன்றாவது கம்பத்தில் உள்ளது. அது எப்போது திருத்தப்படும் என்பதை எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." முன்னைய கடிதத்தின் திகதி செய்கின்ற வேலையை எந்தக் கடுஞ்சொல்லும் செய்யாது. பிரதியொன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை அந்தப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

இன்னொன்று. அலுவலகக் கடிதத் தலைப்பில் "எனது இல., உமது இல." என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, பலர் பதில் எழுதும்போது "உமது கடிதம் கிடைத்தது" என்று தொடங்குகிறார்கள். "தங்கள் கடிதம்" என்று எழுதுவதே பொருத்தம்.

செங்கலடியிலிருந்து: அதிகாரி ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால்?

"ஐயா/அம்மணி" என்று எழுதுங்கள். தெரிந்தால் ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: மாதிரிக் கடிதமொன்று தர முடியுமா?

காரைதீவு அன்பருக்கு எழுதியதைப் பாருங்கள்.

அம்பாறையிலிருந்து: தமிழில் எழுதிய கடிதத்துக்கு ஓர் அலுவலகம் சிங்களத்தில் பதில் அனுப்பியிருக்கிறது. மனம் கொதிக்கிறது.

கொதிப்பு நியாயமானது, ஆனாலும் கடிதத்தில் அதற்கு இடம் தர வேண்டாம். தமிழில் அரசோடு தொடர்புகொள்வதும் தமிழிலேயே பதில் பெறுவதும் அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமை. ஆகவே, "தங்கள் பதிலின் தமிழ்ப் பிரதியை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற ஒரு வசனம் போதும். "தாழ்மையுடன் மன்றாடுகிறேன்" என்று எழுதாதீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்: இதை நான் ஏற்கமாட்டேன். தாழ்மை நம் பண்பாடு. "தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்று முடித்தே நாற்பது ஆண்டுகள் கடிதம் எழுதினேன். பிள்ளைகளுக்கும் அதையே கற்பித்தேன்.

சேர், உங்கள்மீது மிகுந்த மரியாதையோடு மறுக்கிறேன். "கீழ்ப்படிவுள்ள" என்ற முடிப்பு ஆங்கிலேயர் ஆட்சிக்கால அலுவலக வழக்கத்தின் மொழிபெயர்ப்பே தவிர, நம் முன்னோர் தந்த சொல் அன்று. பணிவு வேறு, மன்றாட்டு வேறு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கோரிய ஒருவருக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டியது அலுவலரின் கடமை. கடமையைச் செய்யும்படி கேட்பவர் காலில் விழ வேண்டியதில்லை. விதவைத் தாயொருவர் தன் மகனின் பிறப்புச் சான்றிதழ்ப் பிழையைத் திருத்தக் கேட்டு எழுதிய கடிதத்தைப் பிரித்தது நினைவிருக்கிறது. இரண்டு பக்கங்கள், "தெய்வமே" என்ற விளி ஐந்து இடங்களில் இருந்தது, பிள்ளையின் பெயரோ பதிவு இலக்கமோ எங்கும் இல்லை. அதைத் திருப்பி அனுப்பியபோது எனக்கே மனம் தாங்கவில்லை.

அதே ஆசிரியர்: மொட்டையாகக் கேட்டால் அதிகாரி முகம் சுளிக்க மாட்டாரா?

மொட்டையாகக் கேட்கச் சொல்லவில்லையே! "தயவுசெய்து" இருக்கட்டும், "தங்கள்" இருக்கட்டும், "நன்றி" இருக்கட்டும், முடிப்பில் "இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள" இருக்கட்டும். இவ்வளவும் மரியாதைதான். கேட்பவர் தன்னைச் சிறுமைப்படுத்திக்கொள்ளும் சொற்களை மட்டுமே எடுக்கச் சொல்கிறேன்.

பொத்துவிலிலிருந்து: ஒரு மாதிரிக் கடிதம் கிடைக்குமா?

மாதிரி கேட்டு வரும் இரண்டாவது கேள்வி இது. மாதிரியை அப்படியே பார்த்து எழுதினால் உங்கள் பெயரும் திகதியும் மாறும், உங்கள் பிரச்சினை அதில் வராது. எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

சம்மாந்துறையிலிருந்து: காணி உறுதியில் எல்லைத் தகராறு. எப்படி எழுதுவது?

எழுத வேண்டாம். முதலில் சட்டத்தரணி ஒருவரிடம் செல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: கைமாற்றாகக் கொடுத்த காசை மச்சானிடம் திருப்பிக் கேட்டு எழுத வேண்டும்.

"விடயம்" என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டுவிடாதீர்கள். உறவுக்குள் அலுவலகத் தொனி வந்தால் அது வழக்குக்கு முன்னறிவித்தல் போல ஒலிக்கும். "மச்சான், பெரும்போக விதைப்புக்கு முன் அந்தக் காசு கிடைத்தால் எனக்குப் பெரிய உதவி" என்று எழுதுங்கள். தொகையைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

காத்தான்குடியிலிருந்து: கத்தாரிலுள்ள வாப்பாவுக்குக் கையால் கடிதம் எழுத ஆசை. "தாங்கள் நலமா" என்று தொடங்கினால் யாரோ போல இருக்கிறது.

வீட்டில் ஒருநாளும் அவரைத் "தாங்கள்" என்று அழைத்திருக்க மாட்டீர்கள், அதனால்தான். ஸலாம் சொல்லி, "நீங்கள்" என்றே எழுதுங்கள், மகள். உம்மா சொல்வதை உம்மாவின் வாய்மொழியிலேயே சேர்த்துவிடுங்கள். நான் கொழும்பில் வேலைபார்த்த காலத்தில் என் அம்மா எழுதிய கடிதமொன்றில், "வேலியோரத்து முருங்கை காய்ச்சிருக்கு மகன், உனக்கு வைக்க ஏலாமப் போச்சே" என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தாள் மடிப்பில் கிழிந்தபின்னும் என் பெட்டியில் இருக்கிறது.

அக்கரைப்பற்று ஆசிரியர் மீண்டும்: ஓய்வூதிய நிலுவைக்காக எழுதியிருக்கிறேன்: "எனது நிலுவைத் தொகையைத் தயவுசெய்து கணக்கிட்டு, தயவுசெய்து அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இது சரியா?

நன்று, சேர். "தயவுசெய்து" ஒன்று போதும். இரண்டாவதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் ஓய்வூதிய இலக்கத்தை எழுதுங்கள்.