டிரெய்லர் கட்டும்போதே பூட்டையும் நினையுங்கள்: கேள்வி பதில்

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே 22 ஆண்டுகளாக வெல்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். மினி டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் பின்னால் மாட்டுகிற இரண்டு சக்கர டிரெய்லர்கள்தான் என் முதன்மையான வேலை. பிசான நெல் அறுவடைக்கு முன்னால் சொந்தமாக ஒரு டிரெய்லர் கட்டிக்கொள்ள விரும்பும் நண்பர்கள் பலர் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு டிரெய்லரைத் திருட்டுக் கொடுத்த இருவரும் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓர் உழவர்: அண்ணாச்சி, என்னிடம் மினி டிராக்டர் இருக்கிறது. நெல் மூட்டையும் தொழு உரமும் ஏற்ற 1 டன் டிரெய்லர் போதும் என்று நினைக்கிறேன். பெட்டியை எவ்வளவு பெரிதாக வைக்கலாம்?

தம்பி, பெட்டியின் அளவை நெல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். என்றாவது ஒருநாள் அதில் ஏறப்போகும் மணலை வைத்து முடிவு செய்யுங்கள். 7 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்று வைத்தால் 35 கன அடி, அதாவது ஏறக்குறைய 1 கன மீட்டர் வரும். அதில் நெல்லை நிரப்பினால் 600 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதே பெட்டியில் உலர்ந்த மணலைத் தலை தட்டி நிரப்பினால் 1,600 கிலோ ஆகிவிடும். மழையில் நனைந்த மணல் என்றால் இன்னும் கூடும். வீட்டில் ஒரு சிறு கட்டட வேலை வந்ததும் யாரும் பெட்டியைப் பாதியோடு நிறுத்துவதில்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவே பக்கப் பலகையை ஓரடி உயரத்தில் நிலையாக வைத்து, வைக்கோல், ஓலை போன்ற எடை குறைந்த சரக்குக்கு மட்டும் கழற்றி மாட்டும் கம்பிச் சட்டத்தைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள். மணலுக்குப் பெட்டியின் உட்புறம் 7 அங்குல உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுத்து, அதற்கு மேல் கொட்டுவதில்லை என்று வீட்டார் அனைவரும் கடைப்பிடிக்க வேண்டும்.

சட்டத்துக்கு 75 மி.மீ. சி சேனல் (சி எழுத்து வடிவ இரும்பு) இரண்டு நீளவாக்கிலும், 50 மி.மீ. ஆங்கிள் (எல் எழுத்து வடிவ இரும்பு) ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கிலும், தரைக்கு 3 மி.மீ. தகடும் இந்த அளவுக்குப் போதுமானவை. இழுக்கும் தண்டை முன் குறுக்குச் சட்டத்தில் மட்டும் ஒட்டவைத்து நிறுத்திவிடாதீர்கள். இரண்டு பக்கச் சேனல்களிலிருந்தும் வந்து கொக்கியில் கூடுகிற முக்கோணமாக, அடியில் குறைந்தது 2 அடி உள்ளே ஓடும்படி அமையுங்கள். முறிந்து என் பட்டறைக்கு வருகிற டிரெய்லர்களில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் முறிந்திருக்கின்றன.

களக்காட்டிலிருந்து ஒரு வாழை விவசாயி: அச்சைப் பெட்டியின் சரி நடுவில் வைத்தால் எடை இரு பக்கமும் சமமாக இருக்கும் அல்லவா? எங்கள் ஊர்ப் பட்டறையில் பின்னால் தள்ள வேண்டும் என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதே சரி, ஐயா. நானும் முதன்முதலில் கட்டிய டிரெய்லரில் அச்சை நடுவில்தான் வைத்தேன். ஏத்தன் வாழைத் தார்களைப் பின்பக்கமிருந்து ஏற்றத் தொடங்கியதும் பின்பாதி கனத்து, முன்தண்டு மேலே எழும்பி, கொக்கியில் செருகிய இணைப்பு ஊசியை வளைத்துவிட்டது. வண்டி நின்றுகொண்டிருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. ஓடும்போது அப்படி நேர்ந்தால் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும், டிரெய்லர் பாம்பு போல நெளியும், கால்வாய்க் கரையில் போய்க்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே கவிழும்.

பாரத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பது பொது அளவு. 7 அடிப் பெட்டியில், முன்பலகையிலிருந்து கொக்கி 4 அடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பெட்டியின் நடுப்புள்ளி கொக்கியிலிருந்து ஏழரை அடியில் இருக்கும். அச்சை அந்த நடுப்புள்ளிக்கு 1 அடி பின்னால், அதாவது கொக்கியிலிருந்து எட்டரை அடியில் வைத்தால், சீராகப் பரப்பிய 1 டன் பாரத்தில் எட்டரையில் ஒரு பங்கு, ஏறக்குறைய 118 கிலோ, கொக்கியில் இறங்கும். அதுவே நமக்கு வேண்டியது. அச்சை நிலையாகப் பற்றவைக்கும் முன்பு, அரிசிக் கடையில் இருப்பது போன்ற எடை மேடை ஒன்றைக் கொண்டுவந்து, டிராக்டர் கொக்கியின் உயரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்தண்டை அதன் மேல் வைத்து நிறுத்துப் பாருங்கள். பின்பு வாழைத்தாரை எப்போதும் முன்பலகையிலிருந்து தொடங்கி அடுக்குங்கள். இறக்கும்போது பின்பக்கத்திலிருந்து இறக்குங்கள்.

பேட்டையிலிருந்து ஓர் இளைஞர்: பழைய இரும்புக் கடையில் ஜீப் அச்சும் சக்கரமும் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

6.00-16 அளவு ஜீப் சக்கரம் இந்த வேலைக்கு நல்ல சக்கரம்தான், தம்பி. அதே அளவு டயர் பல டிராக்டர்களின் முன்சக்கரத்துக்கும் வருவதால் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் நடுவில் வெட்டி ஒட்டிய அச்சு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நான் 50 மி.மீ. சதுரத் தண்டு ஒரே துண்டாக வாங்கி, இரு முனைகளையும் லேத்தில் கடைந்து, டேப்பர் பேரிங் போட்ட ஹப் மாட்டுகிறேன். ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடம் சக்கரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அச்சு வளையாமல் இருக்கும். எதை வாங்கினாலும் பில் வாங்குங்கள். எண் அரம் போட்டு அழிக்கப்பட்டிருந்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 317-ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட, அந்தப் பொருளை இழந்தவரும் நம்மைப் போன்ற ஒருவர்தான் என்பதை நினைக்க வேண்டும்.

பற்றவைக்கும் இடத்தில் துருவையும் பெயின்டையும் கிரைண்டரால் முழுவதும் எடுத்துவிடுங்கள். பாரம் தாங்கும் இணைப்புகளுக்கு 7018 வகை வெல்டிங் ராடு நல்லது. ஆனால் ஈரம் ஏறிய ராடு வெடிப்பை உண்டாக்கும் என்பதால் அதைச் சூடாக உலர்த்திப் பயன்படுத்த வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை அப்படியே பற்றவைத்தால் துத்தநாகப் புகையால் அன்றிரவே காய்ச்சல் வரும். பூச்சை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

உவரியிலிருந்து: உப்புக் காற்றில் தகடு இரண்டே ஆண்டில் அரித்துவிடுகிறது.

தரைத் தகட்டின் நான்கு மூலைகளிலும் நீர் வடியத் துளை போடுங்கள். சேனலின் திறந்த பக்கம் மண்ணும் நீரும் தேங்காத வகையில் இருக்கட்டும். ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு, அதன் மேல் எனாமல் இரண்டு பூச்சு. உரமோ சாணமோ ஏற்றிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். யூரியாவும் இரும்பைத் தின்னும்.

ஆலங்குளத்திலிருந்து: சொந்தத் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டும் டிரெய்லருக்கும் பதிவு எண் வேண்டுமா, அண்ணாச்சி?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரையும் சேர்த்தே விளக்குகிறது. 39-ஆம் பிரிவு பதிவில்லாத வாகனத்தைப் பொது இடத்தில் மட்டுமன்றி வேறெந்த இடத்திலும் ஓட்டக் கூடாது என்கிறது. மாடு இழுக்கும் டயர் வண்டிக்கு இந்தக் கேள்வியே எழாது. டிராக்டரில் மாட்டிய நொடியில் எழும். ஆகவே முதல் சேனலை வெட்டுவதற்கு முன்பே, அளவு குறித்த வரைபடத்தோடு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்று மோட்டார் வாகன ஆய்வாளரைப் பாருங்கள். நெல்லைக்கு டி.என். 72, தென்காசிக்கு டி.என். 76. அங்கே என்ன சான்று கேட்கிறார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கேற்பக் கட்டுங்கள். கட்டி முடித்தபின் போய் நின்று கலங்காதீர்கள். இழுக்கும் டிராக்டரின் எண் டிரெய்லரின் பின்பக்கத்திலும் தெரிய வேண்டும் என்பது 61-ஆம் பிரிவு. பின்புறம் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்புறம் வெள்ளை என ஒளிபிரதிபலிப்புப் பட்டை ஒட்டுங்கள். நாங்குநேரி, வள்ளியூர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் விளக்கில்லாத டிரெய்லரின் பின்னால் இரவில் வேகமாக வருகிறவருக்கு அது கண்ணில் படுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

பதிவு இன்னொரு வகையிலும் உதவும். எண்ணும் ஏடும் இல்லாத டிரெய்லர், யார் கையில் இருக்கிறதோ அவருடையது என்று ஆகிவிடுகிறது.

நாங்குநேரியிலிருந்து ஒரு சகோதரி: அண்ணாச்சி, எங்கள் கிணற்றடியில் நிறுத்தியிருந்த டிரெய்லரை இரவில் கொண்டுபோய்விட்டார்கள். சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தோம். இனி புதிதாகக் கட்டுவதை எப்படிக் காப்பது?

அம்மா, உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. எனக்கும் இது நடந்திருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். சக்கரத்தில் மட்டும் போட்ட சங்கிலியால் பயனில்லை. ஐந்து நட்டைக் கழற்றி, அந்தச் சக்கரத்தைச் சங்கிலியோடு அங்கேயே விட்டுவிட்டு, கையோடு கொண்டுவந்த சக்கரத்தை மாட்டி இழுத்துப் போகிறார்கள். சங்கிலி அச்சையும் சட்டத்தையும் சுற்றி, சக்கரத்தின் துளை வழியாகவும் வந்து, தரையில் பதித்த வளையத்தில் முடிய வேண்டும்.

அந்த வளையத்தை இப்படிச் செய்யுங்கள். டிரெய்லர் நிற்கும் இடத்தில் 2 அடி ஆழம், ஒன்றரை அடி சதுரத்தில் குழி எடுங்கள். 16 மி.மீ. கம்பியை ப வடிவில் வளைத்து, இரு கால்களின் அடியிலும் குறுக்குக் கம்பி பற்றவைத்து, வளைவு மட்டும் தரைக்கு மேல் தெரியும்படி நிறுத்திக் கான்கிரீட் நிரப்புங்கள். செலவு குறைவு, ஆனால் பூட்டுக்கு உயிர் கொடுப்பது அதுதான். சங்கிலி கடினப்படுத்திய எஃகாக இருக்கட்டும். கடையில் அடி கணக்கில் விற்கும் சாதாரணச் சங்கிலியைப் பெரிய கட்டர் ஒரே அழுத்தில் நறுக்கிவிடும். சங்கிலியைத் தரையில் கிடக்க விடாமல் இறுக்கிப் பூட்டுங்கள். தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் மறு கைப்பிடியில் போட முடியும். பூட்டு, வளைகம்பி வெளியே அதிகம் தெரியாத வகையாக இருக்கட்டும். பேட்டரி கிரைண்டர் எந்தச் சங்கிலியையும் அறுக்கும் என்பது உண்மையே. ஆனால் அதன் ஓசையும் தீப்பொறியும் மறைக்க முடியாதவை. ஆகவே வீட்டுச் சன்னலுக்குக் கேட்கும் தூரத்தில் நிறுத்துவது பூட்டுக்குச் சமமான காவல்.

கொக்கியை இரண்டாவதாகக் காக்க வேண்டும். நீங்கள் புதிதாகக் கட்டுவதால் இது எளிது: கொக்கியின் துளையை முழுவதும் மூடுகிற ஓர் எஃகுக் குமிழைக் கடைந்து, அடியில் பூட்டு மாட்டத் துளை விட்டு வாங்குங்கள். அறுவடை முடிந்து மாதக்கணக்கில் சும்மா நிற்கும் காலத்தில் இரண்டு சக்கரங்களையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, சட்டத்தைக் கல்லின் மேல் நிறுத்துங்கள். முன்தண்டு சுவரைப் பார்த்து நிற்கட்டும், பாதையைப் பார்த்து நிற்க வேண்டாம்.

பாவூர்சத்திரத்திலிருந்து: ஜி.பி.எஸ். கருவி வைத்தால் போதாதா?

போதாது, ஆனால் பூட்டுக்குத் துணையாக வைக்கலாம். இரும்புப் பெட்டிக்குள் மூடிவைத்தால் சிக்னல் கிடைக்காது. பிளாஸ்டிக் பிரதிபலிப்பான் ஒன்றின் பின்னால், வானத்துக்கு இரும்பு மறைப்பில்லாமல் வையுங்கள். சிம் கார்டுக்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்யுங்கள், பேட்டரியை மாதம் ஒருமுறை பாருங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: திருட்டுப் போய்விட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

112-க்கு அழையுங்கள், அன்றே காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் திருட்டு வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில் பதிவாகிறது. மனு ரசீதோடு திரும்பிவிடாமல், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். காப்பீடு இருந்தால் அந்த நகல் இல்லாமல் ஒன்றும் நகராது.

என் டிரெய்லர் தோட்டத்திலிருந்து காணாமல் போய் மூன்றாம் வாரம், வேறொரு ஊரில் நீல நிறம் மாறி, பக்கப் பலகை மாறி நின்றது. அதை வைத்திருந்தவர் தன்னுடையது என்று உறுதியாகச் சொன்னார். ஊரில் நான்கு பேர் சாட்சிக்கும் வந்தார்கள். நான் கட்டும்போது அச்சின் மேல்பக்கத்தில், ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்துக்கு அடியில், என் டிராக்டரின் எண்ணைக் குத்தியிருந்தேன். காவலர் முன்னிலையில், ஸ்பிரிங் பட்டையை அச்சோடு இறுக்கும் யு போல்ட்டைக் கழற்றிக் காட்டியதும் பேச்சு முடிந்தது. அந்த ஒரு வரி எண் இல்லாவிட்டால் அது எனக்குத் திரும்பியிருக்காது.

சேரன்மகாதேவியிலிருந்து: நடவுக்குப் பெண்களை டிரெய்லரில் ஏற்றிப் போகலாமா?

கூடாது. சரக்குக்குக் கட்டிய பெட்டியில் ஒருவரைக்கூட ஏற்றாதீர்கள். கரைச் சரிவில் ஒரு சக்கரம் இறங்கினால் குதிக்க நேரம் இருக்காது, காப்பீடும் கைகொடுக்காது. ஆட்டோவுக்குக் கூலியை நீங்களே கொடுங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து: என் டிரெய்லர் ஏற்கெனவே கட்டி முடிந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது எண் குத்த முடியுமா?

முடியும், தம்பி. 8 மி.மீ. எழுத்துப் பஞ்ச் ஒரு செட் வாங்கி, பெயின்டைச் சுரண்டி, மூன்று இடங்களில் குத்துங்கள்: ஒன்று எல்லாருக்கும் தெரியும்படி முன்தண்டில், இரண்டாவது சேனலின் உட்புறத்தில், மூன்றாவது ஏதேனும் ஒன்றைக் கழற்றினால்தான் தெரிகிற இடத்தில். முதலாவதை அழித்துவிட்டு மற்றவற்றைத் தேடாமல் போவதுதான் திருடரின் வழக்கம். குத்திய இடங்களையும், டிரெய்லரின் நான்கு பக்கங்களையும், உங்கள் வெல்டிங்கில் கோணலாக விழுந்த தையல் ஏதேனும் இருந்தால் அதையும் அருகில் வைத்துப் படம் எடுங்கள். ஒருவருடைய கைத்தையல் இன்னொருவருடையதைப் போல இராது. சேனல், தகடு, டயர் வாங்கிய பில்களோடு அந்தப் படங்களையும் ஓர் உறையில் போட்டு வீட்டில் வையுங்கள். மூன்றாவது இடம் எது என்பது உங்களுக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.