துக்க மணி ஒலிக்காத ஊரில் ஜெபம்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்வியை மூன்று முறை வாசித்தேன். ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதங்களே ஆன நிலையில் நாகர்கோவிலில் அப்பா இறந்துவிட்டார். அடக்க ஆராதனைக்குப் போய்ச் சேர முடியவில்லை. நீங்கள் இருக்கும் சிற்றூரில் தமிழ் ஆராதனை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் மருத்துவமனையில் பணி. ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் "கர்த்தருடைய சித்தம், அழாதே" என்கிறார்கள். இரண்டு மாதமாக ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு சொல்லும் வரவில்லை. "நான் விசுவாசத்தை இழந்துகொண்டிருக்கிறேனா அக்கா?" என்று முடித்திருந்தீர்கள்.

இழக்கவில்லை என்பதுதான் என் பதில். அதை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இதே கேள்வியோடு நானும் ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்திருக்கிறேன்.

நான் கிழக்கு ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் 19 ஆண்டுகளாக வாழ்கிறேன். வந்த நான்காம் ஆண்டில் அம்மா இறந்தார். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் அப்போது கடவுச்சீட்டு என் கையில் இல்லை. நாசரேத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் மறுநாளே அடக்கம். அண்ணன் கைபேசியைக் குழியருகே பிடித்துக்கொண்டு நின்றார். போதகர் ஜெபித்ததும், சபையார் பாடியதும், கடைசியில் பெட்டியின் மேல் மண் விழுந்த ஓசையும் எனக்குக் கேட்டன. அழைப்பு முடிந்தபோது இங்கே காலை பதினொன்றரை மணி. முகத்தைக் கழுவிக்கொண்டு மதியப் பணிக்குப் போனேன். அதன் பிறகு பல வாரங்கள் வேதாகமத்தைத் திறப்பேன், மூடுவேன், அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கோவிலில் துக்க மணி அடிக்கிறார்கள். மணி ஓசை அடங்குவதற்குள் அக்கம்பக்கத்தார் வந்துவிடுகிறார்கள். ஒருவர் சமையலைப் பார்த்துக்கொள்கிறார், ஒருவர் உறவினருக்குச் சொல்லி அனுப்புகிறார், இரவெல்லாம் யாராவது ஒருவர் கீர்த்தனை பாடிக்கொண்டிருக்கிறார். துக்கத்தில் இருப்பவர் ஜெபிக்க வேண்டியதில்லை, அவருக்காக மற்றவர்கள் ஜெபிக்கிறார்கள். என் விசுவாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பகுதியைச் சபைதான் இதுவரை சுமந்து வந்திருக்கிறது என்பதை இந்த வாடகை அறையில் தனியே உட்கார்ந்தபோதுதான் கண்டுகொண்டேன். உங்களுக்கு இப்போது வாய் திறக்காமல் இருப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். பத்துப் பேர் தூக்கும் பாரத்தை நீங்கள் ஒருவராகத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

"அழாதே" என்பவர்கள் அன்பினால் சொல்கிறார்கள். ஆனால் அது வேதம் சொல்லும் சொல் அன்று. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். 88 ஆம் சங்கீதத்தை ஒரு முறை முழுவதும் வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் கடைசியிலாவது வரும் நம்பிக்கையின் வரி அதில் இல்லை, இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு ஜெபத்தையும் திருச்சபை தன் ஜெபப் புத்தகத்தை விட்டு நீக்காமல் வைத்திருக்கிறது.

நான் வாழும் இந்த நகரத்தோடு சேர்ந்த ஒரு செய்தியும் உண்டு. 1542 செப்டம்பரில் மார்ட்டின் லுத்தரின் மகள் மக்தலேனா பதின்மூன்று வயதில் இறந்தாள். சில நாட்களில், அப்போது ஹாலேயில் ஊழியம் செய்துகொண்டிருந்த தம் நண்பர் யுஸ்துஸ் யோனாஸுக்கு லுத்தர் ஒரு கடிதம் எழுதினார்: மகள் நித்திய ராஜ்யத்துக்குப் போனதற்காகத் தாமும் மனைவியும் நன்றி செலுத்தத்தான் வேண்டும், ஆனாலும் விம்மாமல் அதைச் செய்யத் தங்களால் இயலவில்லை என்பது அதன் சாரம். உயிர்த்தெழுதலை ஊரெங்கும் பிரசங்கித்தவருக்கே நன்றி ஜெபம் தொண்டையில் நின்றது. 1546 இல் லுத்தர் இறந்தபோது, விட்டன்பர்க் கொண்டுசெல்லும் வழியில் அவர் உடலை இங்குள்ள சந்தைச் சதுக்கக் கோவிலில் ஓர் இரவு வைத்திருந்தார்கள். அந்தக் கோவிலுக்குள் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகப்பனின் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது.

இனி இங்குள்ள மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன். கிழக்கு ஜெர்மனியில் பெரும்பாலோர் எந்தச் சபையையும் சேராதவர்கள். அம்மா இறந்த வாரம் உடன் வேலை செய்பவர்கள், எல்லாரும் கையெழுத்திட்ட ஓர் இரங்கல் அட்டையைக் கொடுத்து, "மைன் பைலைட்" (என் அனுதாபங்கள்) என்று சொல்லிக் கைகுலுக்கினார்கள். பிறகு ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கல்நெஞ்சக்காரர்கள் என்று மனத்துக்குள் கசந்துகொண்டேன். அது என் தவறு. துக்கப்படுகிறவர் தாமாக வாய் திறக்கும் வரை அவர் துக்கத்துக்குள் நுழையக் கூடாது என்பது இவர்களுடைய மரியாதை. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து நானாக ஒரு வார்த்தை சொன்னபோது, கோவில் பக்கமே போகாத ஒரு மூத்த சக ஊழியர் அம்மாவின் படத்தைக் காட்டச் சொல்லி, வெகுநேரம் பார்த்துவிட்டு, அடக்கம் எப்போது என்று கேட்டார். இங்கே ஒருவர் இறந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட அடக்கம் நடப்பதுண்டு. எங்கள் ஊரில் மறுநாளே எல்லாம் முடிந்துவிடும் என்று சொன்னதும் அவர் கண் கலங்கியது. ஊரில் துக்கம் விசாரிக்க மற்றவர்கள் வருவார்கள். இங்கே நாம்தான் கதவைத் திறந்துவைக்க வேண்டும். அப்பாவைப் பற்றி ஒருவரிடமாவது சொல்லுங்கள், தங்கை. கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அன்றாட ஒழுங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீண்ட ஜெபத்துக்கு இப்போது முயல வேண்டாம். சாக்சனியிலுள்ள ஹெர்ன்ஹூட் சபையார் 1731 முதல் ஆண்டுதோறும் ஒரு சிறு புத்தகம் அச்சிடுகிறார்கள். "லோசுங்கன்" என்று பெயர். ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுப் போட்டு எடுத்த ஒரு பழைய ஏற்பாட்டு வசனமும் அதற்குப் பொருந்தும் ஒரு புதிய ஏற்பாட்டு வசனமும் இருக்கும். அதை ஜெர்மன் மொழியில் வாசித்துவிட்டு அதே வசனத்தைத் தமிழ் வேதாகமத்தில் எடுத்து வாசிப்பேன்; ஐந்து நிமிடம் போதும், மொழியும் வளரும். பதில் சொல்ல வேண்டும், உருக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாசித்துவிட்டு எழுந்து பணிக்குப் போகலாம். ரோமர் நிருபத்தில் வரும் வாக்குக்கடங்காத பெருமூச்சு என்பதும் ஜெபம்தான். ஊரில் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் என்றால் இங்கே குளிர்காலத்தில் மூன்றரை, கோடையில் நான்கரை மணி. பணி இல்லாத நாட்களில் அழைத்து, நீங்கள் பேசாமல், உங்கள் அம்மா ஜெபிப்பதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். பாரத்தின் ஒரு முனையை அவரும் பிடித்துக்கொள்ளட்டும்.

ஞாயிறு ஆராதனை தவறுவதை எண்ணி உங்களையே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஒருவர் உயிர் பிரிந்ததும் நாங்கள் சன்னலைத் திறந்துவைப்போம். இது இந்நாட்டின் பழைய வழக்கம். பிறகு முகத்தைத் துடைத்து, கைகளைச் சேர்த்துவைத்து, சற்று நேரம் அருகில் நிற்பேன். இறந்தவர் நம்பாதவராக இருந்தால் அவருக்கு முன் உரக்க ஜெபிப்பது முறையன்று, மனத்துக்குள் ஜெபிக்கிறேன். அம்மாவின் முகத்தை என்னால் துடைக்க முடியவில்லை. அந்தக் கடமையை அந்நியர்களுக்குச் செய்ய ஆண்டவர் என்னை இங்கே வைத்திருக்கிறார் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பணியையும் அப்படியே எண்ணிப் பாருங்கள்.

இடையில் கேட்டிருந்த சபை வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வசிப்பிடப் பதிவில் "எவாங்கேலிஷ்" (சீர்திருத்தத் திருச்சபையார்) என்று குறித்தால் நம் மாநிலத்தில் வருமான வரித் தொகையில் 9 சதவீதம் சபைக்காகப் பிடிப்பார்கள். நான் மனமுவந்து கொடுத்துவருகிறேன். அதை முடிவுசெய்யும் வரை கோவிலுக்குப் போகாமல் இருக்க வேண்டாம், வாசலில் யாரும் கேட்பதில்லை.

கடைசியாக ஒன்று. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள சீர்திருத்தத் திருச்சபைகளில் இறந்தோரை நினைவுகூருகிறார்கள். 1816 இல் பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் ஏற்படுத்திய நாள் அது. அந்த ஆண்டில் இறந்த சபையாரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அம்மா இறந்த ஆண்டில் தயங்கித் தயங்கி எங்கள் போதகரிடம் போய், இந்தச் சபையைச் சேராத, இந்நாட்டை ஒருபோதும் பார்க்காத ஒரு பெயரையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டு, நான் சரி என்று தலையசைக்கும் வரை உரக்கச் சொல்லிப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்குப் புறப்படும் முன் படித்த இந்த ஊரில், எங்கள் அம்மாவின் தமிழ்ப் பெயர் கோவிலுக்குள் முழுதாக ஒலித்தது. மண் விழும் ஓசையைக் கேட்ட நாளிலிருந்து வராத அழுகை அன்றுதான் வந்தது. அருகில் இருந்த பாட்டி ஒருவர் எதுவும் கேட்காமல் கைக்குட்டையை நீட்டினார்.

இந்த ஆண்டு நவம்பரில் அந்த நாள் வருகிறது. அப்பாவின் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஒரு குரல் பதிவாக எனக்கு அனுப்பிவையுங்கள், போதகரிடம் கொடுக்கிறேன். பணி இல்லையென்றால் முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள். பணி இருந்தால் மெழுகுவத்தியை உங்களுக்காக நான் ஏற்றுகிறேன்.