டுமகெட்டே: பள்ளிகளால் வளர்ந்த ஊர் (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, பிலிப்பைன்ஸில் டுமகெட்டே சின்ன ஊர்தானே, அங்கே நாலு பல்கலைக்கழகம் எப்படி வந்தது?

பதில்: முதல் விதை சில்லிமன் பல்கலைக்கழகம். நியூயார்க் மாநிலத்து வியாபாரி ஹோரஸ் சில்லிமன், பிலிப்பைன்ஸில் பையன்களுக்கு ஒரு தொழிற்பள்ளி தொடங்கச் சொல்லி பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டண்ட் சபையின் மிஷனிடம் 10,000 டாலர் கொடுத்தார். இடம் பார்க்க வந்த மிஷனரி டேவிட் ஹிப்பர்ட் மனசில் இருந்தது செபு நகரம்; போகிற வழியில் டுமகெட்டேயையும் எட்டிப் பார்க்க, கடற்கரையும் ஊர்க்காரர்கள் வரவேற்ற விதமும் பிடித்துப்போய் இங்கேயே பள்ளியை வைத்துவிட்டார். 1901 ஆகஸ்ட் 28 அன்று 15 பையன்களோடு தொடங்கியது. பெண் பிள்ளைகளைச் சேர்த்தது 1912-ல், பல்கலைக்கழகம் ஆனது 1938-ல்.

கேள்வி: கத்தோலிக்க ஊரில் புராட்டஸ்டண்ட் பள்ளியைச் சும்மா விட்டார்களா?

பதில்: இல்லை. ஹாரோ ஆயர் பிரெடெரிக் ரூக்கர் அழைத்து, 1904-ல் சார்த்ர் புனித பவுல் சபைக் கன்னியர் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். நாட்டிலேயே அந்தச் சபையின் முதல் பள்ளி இங்கேதான். மூன்றே வருஷத்தில் இரண்டு நல்ல பள்ளிகள்! மதப் போட்டி எத்தனையோ ஊரைக் கெடுத்திருக்கிறது, இந்த ஊருக்கு அது படிப்பைக் கொடுத்தது என்றே நான் நினைக்கிறேன். போருக்குப் பிறகு, 1949-ல், விசென்டே சிங்கோ தொடங்கியது மூன்றாவதான பவுண்டேஷன் பல்கலைக்கழகம். நாலாவது அரசுடையது.

கேள்வி: போர்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தனவா?

பதில்: 1942 மே மாதம் ஜப்பானியப் படை வந்து இறங்கியது, சில்லிமன் வளாகம் அவர்கள் கைக்குப் போனது. ஆனால் ஆசிரியர்களில் சிலர் மாணவர்களோடு மலையேறி, அங்கேயே வகுப்பைத் தொடர்ந்தார்கள். 'காட்டுப் பல்கலைக்கழகம்' என்றே அதற்குப் பெயர். இந்த ஊர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

கேள்வி: அதற்கு முந்தைய காலத்து அடையாளம் ஏதாவது இருக்கிறதா சார்?

பதில்: பேராலயத்துக்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய மணிக்கூண்டு, அவசியம் பாருங்கள். கடற்கொள்ளையர் வருவது தெரிந்தால் மணியடித்து ஊரை எழுப்புவார்கள். ஊர்ப் பெயரே 'டகிட்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், பறித்துக்கொண்டு போவது என்று பொருள். கொள்ளையர் ஆட்களையே தூக்கிக்கொண்டு போன காலம் அது.

கேள்வி: அங்கே பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள்? நான் ஆசிரியை, அதனால் கேட்கிறேன்.

பதில்: நல்ல கேள்வி அக்கா. வீட்டில் பேசுவது செபுவானோ, அவர்கள் பிசாயா என்பார்கள். அரசு கொண்டுவந்த திட்டப்படி 2012 முதல் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் பாடம் நடந்தது. 2024-ல் வந்த சட்டம் அதை நிறுத்தி, பிலிப்பினோவும் ஆங்கிலமும் என்று மாற்றிவிட்டது, தாய்மொழி இனி பெரும்பாலும் துணைக்கு மட்டும். பிலிப்பினோ தகாலோகை வைத்து உருவானது, ஆக டுமகெட்டேயில் முதல் வகுப்புக்குப் போகிற குழந்தைக்கு இரண்டுமே வீட்டில் பேசாத மொழி. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.