டர்போ காருக்குச் சாதா பெட்ரோலா, 95-ஆ, 100 ஆக்டேனா?

கேள்வி கேட்டவர் 2016ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். மாதத்துக்கு இரண்டு முறைதான் எடுக்கிறாராம். பெட்ரோல் பங்கில் ஒருவர் 100 ஆக்டேன் போட்டால் வண்டி பறக்கும் என்றிருக்கிறார். மெக்கானிக் சாதா பெட்ரோலே போதும் என்றிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் நண்பர் 87 ஆக்டேன் போட்டே ஓட்டுகிறாராம். மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

மூவரிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது பெட்ரோல் டேங்க் மூடியை. அதைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஆக்டேன் எண்ணைப் படியுங்கள். இத்தனை பேரிடம் கேட்ட நீங்கள் அதை இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். படித்திருந்தால் கேள்வியிலேயே அந்த எண் இருந்திருக்கும்.

நான் கோவையில் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போ வைத்திருக்கிறேன். 180 குதிரைத்திறன். என் வண்டிக் கையேட்டில் 95 என்றும், அது கிடைக்காவிட்டால் 91 என்றும் இருக்கிறது. 91 போட்டால் திறன் சற்றுக் குறையும், பெட்ரோல் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ‘குறைந்தது 95’ என்று மட்டும் எழுதியிருந்தால் கதை வேறு. அங்கே 91 என்பது வேறு வழியில்லாத அவசரத்துக்குப் போடுவது. அதையும் போட்டுவிட்டு இன்ஜினை முறுக்காமல் மெதுவாக ஓட்ட வேண்டும். ‘பரிந்துரை’, ‘கட்டாயம்’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் உங்கள் பணம் கிடக்கிறது.

ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடுதலாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமை. பிஸ்டன் மேலே ஏறி காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து நசுக்கும்போது சூடு ஏறுகிறது. ஸ்பார்க் பிளக் கொளுத்தும் வரையிலும், கொளுத்திய தீ மூலை வரை பரவி முடியும் வரையிலும், பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் மூலையில் ஒரு பகுதி தனியாக வெடித்தால் அதுதான் நாக்கிங். அப்பாவின் அம்பாசிடர் பர்லியாறு ஏற்றத்தில் நான்காவது கியரில் திணறும்போது, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வரும். அப்பா எதுவும் பேசாமல் கியரைக் குறைப்பார், சத்தம் நின்றுவிடும்.

இந்தப் பொறுமையை எண்ணாக மாற்றும் வழியை 1926இல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் கொடுத்தார். எளிதில் வெடிக்காத ஐசோ ஆக்டேனுக்கு 100, உடனே வெடித்துவிடும் ஹெப்டேனுக்கு 0. உங்கள் பெட்ரோல் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று பொருள். லிட்டருக்கு எவ்வளவு சக்தி என்பதைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்வதில்லை.

உங்கள் நண்பரின் 87க்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆக்டேனை அளக்க இரண்டு முறைகள் உண்டு, இரண்டாவது கடுமையானது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் முதல் முறையின் எண்ணை பங்கில் எழுதுகிறோம். அமெரிக்காவில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். ஆகவே அவருடைய 87 நம்முடைய 91 அளவுதான். அவர்கள் பிரீமியம் என்று விற்கும் 91 இங்கே ஏறத்தாழ 95, அவர்களின் 93 இங்கே ஏறத்தாழ 98. அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு ‘91 போதுமாம்’ என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த 91 வேறு, இந்த 91 வேறு.

சரி, உங்கள் 1.2 டர்போவுக்கு வருவோம். 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் இழுவிசை. சின்ன இன்ஜினில் இவ்வளவு திறனை எடுக்க வேண்டுமென்றால் டர்போ காற்றை அழுத்தித் திணிக்க வேண்டும். திணிக்கத் திணிக்கச் சூடு ஏறும், நாக்கிங் நெருங்கும். இதற்காகவே இன்ஜினின் மேல் காது வைத்ததுபோல ஒரு சென்சார் இருக்கிறது. அதிர்வைக் கேட்டதும் கணினி ஸ்பார்க் விடும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடும். நாக்கிங் நின்றுவிடும், கூடவே கொஞ்சம் திறனும் போய்விடும். இந்த ஏற்பாடு இருப்பதால் 91 போட்டதும் இன்ஜின் உடைந்துவிடாது. உங்கள் மெக்கானிக் சொன்னது அந்த அளவில் சரி.

எவ்வளவு திறன் போகும் என்பதைச் சில தயாரிப்பாளர்களே வெளிப்படையாக எழுதுகிறார்கள். அமெரிக்காவில் விற்ற மஸ்டா 2.5 டர்போவுக்கு இரண்டு கணக்கு: அவர்களின் 93 போட்டால் 250 குதிரைத்திறன், 87 போட்டால் 227. இழுவிசையில் வித்தியாசம் மிகக் குறைவு. அதாவது கடைசி வரை மிதிப்பவருக்கே அந்த 23 தெரியும். மற்றவர்களுக்கு இரண்டும் ஒரே வண்டி.

இதை என் வண்டியிலேயே சோதித்துப் பார்த்தேன். 2022 ஏப்ரல், நல்ல வெயில். வண்டியின் கணினியோடு இணைக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிச் செருகி, ஸ்பார்க் நேரம் எத்தனை டிகிரி தள்ளிப்போகிறது என்பதை கைப்பேசியில் பதிவு செய்தேன். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, நான்கு பேர், ஏசி ஓட, அதே மூன்றாவது கியர். அப்போதைய சாதா பெட்ரோலில், அதாவது 91இல், மதியம் அழுத்தி மிதித்தபோதெல்லாம் மூன்று நான்கு டிகிரி பின்வாங்கியது. அடுத்த வாரம் 95 நிரப்பிக்கொண்டு போனேன், ஒரு டிகிரிக்குள் அடங்கிவிட்டது. 100 ஆக்டேன் விற்கும் பங்கைத் தேடிப் பிடித்து, டேங்கைக் காலியாக்கி, அதையும் நிரப்பி ஒரு முறை போனேன். 95க்கும் அதற்கும் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. என் வண்டியின் கணினி கேட்கும் அளவு 95இல் நிறைந்துவிடுகிறது. மேலே எவ்வளவு பொறுமை இருந்தாலும் அதைப் பயன்படுத்த அதற்குத் தெரியாது. இதே கருவியோடு அவிநாசி சாலை நெரிசலில் ஓட்டியபோது மூன்று பெட்ரோலுக்கும் பின்வாங்கல் பூஜ்யம். ஊருக்குள் ஊர்ந்து போகிற காருக்கு 100 போடுவது, பல்லாங்குழி ஆடப் பயிற்சியாளர் வைத்துக்கொள்வது மாதிரி. (இந்தச் சோதனைக்கு நான் செலவழித்த பெட்ரோலைக் கணக்குப் போட்டால் சேமிப்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. என் மனைவி அந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்.)

தேவையில்லாமல் போடுவது நம்மூர்ப் பழக்கம் மட்டுமில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, சாதா பெட்ரோலே போதும் என்ற வண்டிகளுக்கு பிரீமியம் போட்டு ஓராண்டில் 210 கோடி டாலர் வீணாகியது என்று 2016இல் கணக்குச் சொன்னது.

இந்தப் பதிலை 2022இல் எழுதியிருந்தால் ‘95 போடுங்கள், லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் பெரிதல்ல’ என்று முடித்திருப்பேன். இப்போது நிலைமை மாறிவிட்டது. பலர் இதைக் கவனிக்கவில்லை. பங்கில் ‘சாதா’ என்று வருவது இன்று ஈ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலின் ஆக்டேன் எண் 108க்கு மேல். அதைக் கலந்ததால் சாதா பெட்ரோலின் எண்ணே 91இலிருந்து 95க்கு ஏறிவிட்டது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலியத் துறை அமைச்சகமே அறிவித்தது. ஆக்டேனுக்காக மட்டும் 95 பிரீமியம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வாங்கும் காரணம் கையைவிட்டுப் போய்விட்டது. விற்பவர்கள் இதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

ஆக, நாக்கிங் குறைந்தது, மகிழ்ச்சி. பதிலுக்கு என்ன கொடுத்தோம்? எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து ஈ10க்கு (பத்தில் ஒரு பங்கு எத்தனால்) சரிசெய்த கார்களில், ஈ20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. அதோடு, ஈ20ஐத் தாங்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கொண்ட வண்டிகள் இந்தியாவில் முறையாக வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். உங்கள் போலோ அதற்கு ஏழு ஆண்டு மூத்தது. அதற்காகப் பயந்து வண்டியை விற்க வேண்டாம். பெட்ரோல் செல்லும் ஹோஸ்களையும் சீல்களையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள், வெடிப்போ ஊறிய மென்மையோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் வாடை காருக்குள் வந்தால் சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

இங்கேதான் 100 ஆக்டேனுக்கு ஒரு நியாயம் பிறக்கிறது. பங்கில் சொன்ன காரணத்துக்காக இல்லை. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது டில்லியில் அதன் விலை லிட்டருக்கு ரூ.160. அதை இன்று தேடிப் போகிறவர்களில் பலர் எத்தனால் இல்லாத பெட்ரோல் வேண்டும் என்பதற்காகவே போகிறார்கள். ஆக்டேன் கூட வருவது அவர்களுக்கு இனாம். சாதாவைவிட ஐம்பது அறுபது ரூபாய் கூடுதலாகக் கொடுத்து தினமும் ஓட்டுவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. 45 லிட்டர் டேங்குக்குச் சுமார் இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் கூடுதல். அந்தப் பணத்தை நல்ல இன்ஜின் ஆயிலுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் கொடுத்தால் வண்டி நன்றி சொல்லும்.

பிரீமியம் பெட்ரோலில் இன்ஜினைச் சுத்தம் செய்யும் பொருள்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. அது ஆக்டேனோடு தொடர்பில்லாத தனிச் சரக்கு. ஆனால் உங்களுடையது போல சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜினில், காற்று உள்ளே வரும் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே படியும் கரியை எந்த விலையுயர்ந்த பெட்ரோலும் கழுவாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். இன்ஜெக்டரின் நுனிக்கு மட்டும் உதவும்.

ஒன்றை மறந்துவிட்டேன், பழைய வண்டி என்பதால் இது முக்கியம். முந்தைய உரிமையாளர் ரீமேப் செய்திருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். போலோ ஜிடி வாங்குபவர்களில் சும்மா இருப்பவர்கள் குறைவு. கணினியின் நிரலை மாற்றி டர்போ அழுத்தத்தை ஏற்றியிருந்தால் மூடியில் இருக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. எந்த ஆக்டேனுக்கு நிரல் எழுதினாரோ அந்த ஆக்டேனைத்தான் போட வேண்டும். 97க்கோ 100க்கோ எழுதிய நிரலில் அதைவிடக் குறைந்த பெட்ரோலைப் போட்டு ஏப்ரல் வெயிலில் முறுக்கினால், சென்சார் பின்வாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் பிஸ்டன்தான் கணக்குத் தீர்க்கும்.

ரீமேப் இல்லை, மூடியில் 95 அல்லது அதற்குக் கீழே இருக்கிறது, ஈ20 தொடர்பாகத் தடை எதுவும் கையேட்டில் இல்லை என்றால், ஓடும் நாட்களில் கூட்டம் நிறைந்த, நல்ல விற்பனை உள்ள பங்கில் சாதா பெட்ரோல் போடுங்கள். உங்கள் வண்டி மாதத்தில் இருபத்தெட்டு நாள் நிற்கிறது என்பதுதான் எனக்கு ஆக்டேனைவிடப் பெரிய கவலை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்கில் காலியிடம் அதிகமாக இருந்தால் உள்ளே ஈரக்காற்றும் அதிகம். அதனால் மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதம் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தால், டேங்கை ஓட்டிக் குறைத்துவிட்டு, எத்தனால் இல்லை என்று பங்கில் கேட்டு உறுதி செய்துகொண்டு 100ஐ நிரப்பி, பிறகு பத்து கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். வருடத்துக்கு ஒரு முறை அந்த இரண்டாயிரத்து ஐநூறைக் கொடுக்கலாம். பேட்டரியைக் கழற்றி வைக்கவும் மறக்க வேண்டாம்.