பட்டா இருந்தால்தான் சலுகை வாடகையா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் கவுன்சிலராக இருக்கிறேன். சமுதாயக் கூடத்துக்குப் புது வாடகை விதி கொண்டுவருகிறார்கள். வீட்டுமனைப் பட்டா இருப்பவர்களுக்குப் பாதி வாடகை, மற்றவர்களுக்கு வெளியூர்க் கட்டணம். என் வார்டில் முக்கால்வாசிப் பேர் கோயில் அடிமனையில், அதாவது கோயிலுக்குச் சொந்தமான மண்ணில், வீடு கட்டியிருப்பவர்கள். "எல்லாருக்கும் ஒரே விதிதானே, இதில் என்ன பாகுபாடு?" என்கிறார் தலைவர். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே ஆறு மணி நேரம் என்று வைத்தால் காகிதத்தில் சமம்தான். கடைமடை வயலைத் தண்ணீர் எட்டிப் பார்ப்பதற்குள் மதகை இறக்கிவிடுவார்கள். உங்கள் தலைவருக்கு வயல் இருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பேரூராட்சியும் 'அரசு'தான். ஆகவே சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்னும் 14-வது பிரிவு அதைக் கட்டுப்படுத்தும். மக்களை வகைபிரிக்கவே கூடாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பிரிப்பதற்குத் தெளிவான அடிப்படை வேண்டும், அந்த அடிப்படைக்கும் விதியின் நோக்கத்துக்கும் தொடர்பு வேண்டும். 1952-இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த இந்த அளவுகோல் இன்றும் நிற்கிறது.

உங்கள் விதியின் நோக்கம் என்ன? வெளியூர்க்காரர் சலுகை வாடகையில் கூடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்பதாகத்தான் இருக்கும். நியாயமான நோக்கம். ஆனால் பட்டா மனை யாருடையது என்று சொல்லுமே தவிர, ஊரில் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லாது. சென்னையில் குடியேறிவிட்டவரிடம் பட்டா இருக்கும். மூன்று தலைமுறையாக அடிமனையில் இருப்பவரிடம் இருக்காது. மண் சாமி பெயரில் அல்லவா இருக்கிறது! பட்டா மாமனார் பெயரிலேயே கிடக்கும் விதவை மருமகளும் இதில் மாட்டுவார்.

'ஒரே விதி' வாதத்துக்கு 2021-இல் நிதிஷா வழக்கில் பதில் வந்துவிட்டது. இராணுவத்தில் ஆண் அதிகாரிகள் இளவயதில் எட்டிய உடல்தகுதி அளவை, பெண் அதிகாரிகளிடம் பல ஆண்டுகள் கழித்து, வயது ஏறிய பிறகு கேட்டார்கள். அளவு ஒன்றுதான், பாதிப்பு ஒரு பக்கம். இது மறைமுகப் பாகுபாடு, உள்நோக்கம் இருந்ததா என்பதைவிட விளைவைப் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அடிமனைக்காரர்களில் பெரும்பாலோர் ஒரே சாதியினர் என்றால், அரசுப் பணத்தில் பராமரிக்கும் கிணறு, குளம், படித்துறை, பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் பேரில் தடை கூடாது என்னும் 15(2)-ஐயும் நினைவூட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில், "பட்டா இல்லாதவர்களுக்குச் செயல் அலுவலர் கருணை அடிப்படையில் சலுகை தரலாம்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் ஒத்துக்கொள்ளாதீர்கள். யாருக்குத் தரலாம், யாருக்கு மறுக்கலாம் என்று அளவு சொல்லாத அதிகாரம், விதியை இன்னும் பலவீனமாக்கும். தன்னிச்சையும் சமத்துவமும் ஜென்மப் பகை என்ற கருத்து பிறந்ததே நம்மூர் வழக்கில், 1974-இல், தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா தொடுத்த வழக்கில்.

மாற்று வரி எளிது: "குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் பேரூராட்சி எல்லைக்குள் குடியிருப்பதைக் காட்டுவோருக்குப் பாதி வாடகை." மகளிர் குழுக் கூட்டத்துக்கு இலவசம் என்று சேர்ப்பதானால் தயங்க வேண்டாம், பெண்களுக்கான தனி ஏற்பாட்டை 15(3) அனுமதிக்கிறது.

பழைய வரியே நிறைவேறினால், உங்கள் மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் விதியை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும்போது அந்தத் தாள் உதவும். திருவாரூர் என்பதால் சென்னைக்குப் போக வேண்டும். பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டம் என்றால்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.