மகனை இழந்த தாய் பள்ளியில் பேசலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு, பதினொரு வயதான என் இளைய மகன் என் அண்ணன் மகனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து கடைக்குப் போனபோது, தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் சேரும் இடத்தில் லோரி மோதி இறந்துவிட்டான். ஓட்டிய பையனுக்கு அப்போது 15 வயது, உரிமம் இல்லை. இருவரும் தலைக்கவசம் அணியவில்லை. பக்கத்துக் கடைக்குத்தானே என்று வீட்டில் யாரும் தடுக்கவில்லை. இப்போது தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சியில் பேச என்னை அழைத்திருக்கிறார். பேசினால் தன் மகன்மீது பழி விழும் என்று அண்ணி அழுகிறார். விதி முடிந்துவிட்டது, இனிக் கிளறாதே என்கிறார்கள் உறவினர்கள். நான் பேசலாமா?
– ஒரு தாய், பேராக்

பதில்: அன்புச் சகோதரி, பேசுங்கள். ஆனால் மேடை ஏறுவதற்கு முன்பு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் அந்தப் பையனைப் பாருங்கள். அத்தை மகனைப் பின்னால் ஏற்றிச் சென்று, அவன் இறந்ததையும் கண்டு, உயிரோடு திரும்பிய பிள்ளை அவன். அவன் அத்தையின் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று ஒரு வருடமாகக் காத்திருப்பான். அவனிடம் நீங்கள் விளக்கம் கேட்க வேண்டியதில்லை, அருகில் உட்கார்ந்தாலே போதும். பள்ளியில் பேசும்போது அவன் பெயரையோ உறவையோ சொல்லாதீர்கள். அவன் பள்ளிக்குப் போக மறுத்தாலும், உறங்காமல் தவித்தாலும், பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமோ அரசு மருத்துவமனையிலோ அண்ணனும் அண்ணியும் உடனே உதவி நாட வேண்டும்.

விதி என்று சொல்பவர்கள் உங்களை ஆறுதல்படுத்தவே சொல்கிறார்கள் என்பதை நான் அறிவேன். என்றாலும் அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் நம் மலேசிய நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் இப்படி மாள்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இத்தனை பேருக்கும் ஒரே விதமாக விதி முடிகிறது என்றால், நாம் பார்க்க வேண்டியது சாலையையும் நம் வழக்கத்தையும்தான்.

அந்த வழக்கத்தைத்தான் நீங்கள் பெற்றோரிடம் பேச வேண்டும். மோட்டார் சைக்கிள் உரிமம் பெறக் குறைந்தது 16 வயது ஆக வேண்டும் என்பதும், 1973ஆம் ஆண்டு முதலே தலைக்கவசம் கட்டாயம் என்பதும் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், பேருந்து வராத இடத்தில், அப்பா வேலைக்குப் போன நேரத்தில், வீட்டில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் சாவி பதின்ம வயதுப் பையனின் கைக்குப் போகிறது. தோட்டத்துக்குள் மெதுவாக ஓட்டிப் பழகியவன், பெரிய சாலையில் வரும் வண்டியின் வேகத்தைத் தோட்டத்துக் கண்ணாலேயே அளக்கிறான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளாகவே அந்தத் தூரம் போய்விடும், பாரம் ஏற்றிய லோரி நிற்க அதற்கு மேலும் நெடுந்தூரம் வேண்டும். இதைப் பள்ளித் திடலில் 25 மீட்டர் அளந்து கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும். விபத்துப் படங்களைக் காட்ட யாராவது விரும்பினால் மறுத்துவிடுங்கள். அவை பயமுறுத்துமே தவிர, எப்படிக் கடப்பது என்று கற்றுத் தராது.

தலைக்கவசம் பற்றிச் சொல்லும்போது, சிறுவர் தலைக்குப் பொருந்தும் அளவில், தரச் சான்றான சிரிம் முத்திரை உள்ளதாக வாங்கி, தாடைப்பட்டையைப் பூட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பாவின் பெரிய தலைக்கவசத்தைப் பிள்ளைக்குக் கவிழ்த்துவிட்டால் மோதிய உடனே அது கழன்று போகும்.

பிள்ளைகளையும் பெற்றோரையும் மட்டும் திருத்தினால் போதாது. சந்திப்பில் புதர் மறைக்கிறதா, விளக்கு எரிகிறதா, எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் நேரில் பார்த்து, படம் எடுத்து, அது கூட்டரசுச் சாலையாக இருந்தால் பொதுப்பணி இலாகாவுக்கு எழுத வேண்டும். கடிதத்தின் நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பலாம். தோட்டத்துச் சாலையின் புதருக்குத் தோட்ட நிர்வாகமே பொறுப்பு. அந்த இடத்தில் ஒரு பிள்ளை இறந்திருக்கிறது என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஐக்கிய நாட்டு நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல், நவம்பர் மாத மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையைச் சாலை விபத்தில் மாண்டோருக்கான உலக நினைவு நாளாக ஏற்றிருக்கிறது. பள்ளி நிகழ்ச்சி இப்போது மிகச் சீக்கிரம் என்று உங்கள் மனம் சொன்னால், அந்த நாளுக்குத் தள்ளிவைக்கும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மேடையில் தொடர முடியாமல் போனால் மீதியைப் படிக்க ஓர் ஆசிரியரை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். இரவில் துக்கம் தாங்காதபோது மன வேதனையில் இருப்போரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.