பினாங்கில் எப்போது, எங்கே, எதைச் சாப்பிடுவது? – கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்குத் தீவில் பிறந்து வளர்ந்தவள் நான். இங்குள்ள ஒட்டுக்கடைகள் (தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள்), கோயில்கள், சந்துகள் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். தீவுக்கு வரத் திட்டமிடுவோர் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: அக்கா, சென்னையிலிருந்து வருகிறோம். இரண்டே நாள்தான். சாப்பிட வேண்டிய இருபது கடைகளின் பட்டியல் கையில் இருக்கிறது. எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில்: பட்டியலை மடித்து வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள், தம்பி. இங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. காலையில் ஆப்பமும், நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும். மதியம் சோறும் குழம்புமான நாசி கண்டார். வெயில் உறைக்கும் மூன்று மணிக்கு ஆசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸும், செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்பும். விளக்கு வைத்த பிறகு சார் குவே தியாவ் என்ற வதக்கிய பட்டை நூடுல்ஸ். காலைக் கடைக்கு மதியம் போனால் கவிழ்த்து வைத்த நாற்காலிகளைத்தான் பார்ப்பீர்கள்.

ஒரு நாளுக்கு நான்கு பண்டங்கள் போதும். பெரும்பாலான கடைக்காரர்கள் ஆயுள் முழுக்க ஒரே ஒரு பண்டத்தைத்தான் செய்கிறார்கள், அதை அவசரமில்லாமல் சாப்பிடுங்கள். இன்னொன்று: சீனர்களின் காப்பிக்கடையில் உணவு விற்பவர் வேறு, பானம் விற்பவர் வேறு. மேசை பானக்காரருடையது. ஆளுக்கொரு பானம் சொல்வதுதான் அங்கே மரியாதை. பாலில்லாத தேநீருக்கு 'தே ஓ', அதிலே சர்க்கரையும் வேண்டாம் என்றால் 'தே ஓ கோசோங்' என்று கேளுங்கள். கையில் சில்லறை வெள்ளி (ரிங்கிட்) இருக்கட்டும்.

கேள்வி: நாசி கண்டார் தமிழர் உணவா, மலாய் உணவா? கடையில் எப்படிக் கேட்டு வாங்குவது என்றும் சொல்லுங்கள். (திருச்சி வாசகர்)

பதில்: பெயர் மலாய், கைப்பக்குவம் தமிழ் முஸ்லிம்களுடையது. 'நாசி' என்றால் சோறு, 'கண்டார்' என்றால் தோளில் கம்பு வைத்துச் சுமப்பது. கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புப் பானைகள் என்று காவடி போலத் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்று வந்தார்கள். பிறகு சுமை இறங்கி, மர நிழலிலும் கடைவாசலிலும் நிலைத்தது. கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா 1907-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. இப்படிக் கடை நடத்துவோரை இங்கே எல்லா இனத்தாரும் 'மாமாக்' என்றே சொல்வார்கள். நம்முடைய 'மாமா'தான் அது.

வரிசையில் நில்லுங்கள். உங்கள் முறை வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கை காட்டுங்கள்: பொரித்த கோழி, மீன் சினை, கணவாய், முழு வெண்டைக்காய், பாகற்காய். அதன் பிறகு பரிமாறுகிறவரின் கையைக் கவனியுங்கள். கோழிக் குழம்பில் அரைக் கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, மாட்டிறைச்சி மசாலாவின் கறுத்த எண்ணெயில் ஒரு சொட்டு, கடைசியாகத் தால்ச்சா. பானைக்குப் பானை அந்தக் கை போய் வருவது ஒரு கணக்கு. இந்தக் கலவைக்கு 'குவா சம்போர்' என்று பெயர். சோறு முங்க வேண்டுமென்றால் 'பஞ்சிர்' என்று சொல்லுங்கள், வெள்ளம் என்று பொருள். நம் வீட்டில் குழம்புகளைக் கலந்தால் அம்மா திட்டுவார். இங்கே கலப்பதற்குத்தான் ருசி. தனித்தனியாக ஊற்றச் சொன்னால் கிடைப்பது வேறு ஏதோ ஒரு சாப்பாடு.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'தாக் மாவ் குவா டாகிங்' என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சொட்டு விழுந்துவிடும். பெரிய இறால், மீன் தலை இவற்றைக் கை காட்டுமுன் விலையைக் கேளுங்கள். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: அம்மாவும் நானும் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. பினாங்குக்கு வந்தால் பட்டினிதானா? (மதுரை வாசகி)

பதில்: கட்டாயம் வாருங்கள். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடும் தோசையும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். சீன பௌத்தர்களின் சைவக் கடைகள் இந்தத் தீவில் ஏராளம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடும் குடும்பங்கள் நிறைய என்பதால், அந்த நாள்களில் கூட்டம் அலைமோதும். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத கடைகள் உண்டு. முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதால் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மிகப் பொருத்தமான காலம் ஒன்பது பேரரசர் திருவிழா. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள்கள் அது, பெரும்பாலும் அக்டோபரில் வரும். மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் தெருவோரம் முளைக்கும். பிற நாள்களில் சைவமாகக் கிடைக்காத பண்டங்களையும் அப்போது சாப்பிட்டுப் பார்க்கலாம்.

எச்சரிக்கை ஒன்று: பார்க்கக் காய்கறியாக இருக்கும் வதக்கலிலும் பெலாச்சான் இருக்கும், அது இறால் விழுது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'டாகிங், ஈக்கான், ஊடாங், பெலாச்சான், தெலோர் தாக் மாவ்' என்று இறைச்சி, மீன், இறால், விழுது, முட்டை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆசாம் லக்சா நம் மீன் புளிக்குழம்பில் நூடுல்ஸ் போட்டது போலத்தான் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: நாகர்கோவில்காரரான நீங்கள் இதன் புளிப்பை முதல் வாயிலேயே அடையாளம் கண்டுகொள்வீர்கள். புளியோடு ஆசாம் கெலுகோர் என்ற காய்ந்த துண்டையும் இதில் போடுகிறார்கள். உங்கள் ஊர்க் குடம்புளிக்கு அது நெருங்கிய உறவு. மீனும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் கெம்போங் என்பதை நீங்கள் கானாங்கெளுத்தி என்பீர்கள்.

ஒற்றுமை அந்த மட்டும்தான். மீனை வேகவைத்து, முள்ளைக் கையால் களைந்து, சதையை உதிர்த்து நீரிலேயே கரைய விடுகிறார்கள். தாளிப்பு கிடையாது, தேங்காய் கிடையாது. மணம் வருவது தாவுன் கெசும் என்ற இலையிலிருந்தும், இளஞ்சிவப்பு இஞ்சிப்பூ மொக்கிலிருந்தும். கடையில் நின்று பாருங்கள்: கிண்ணத்தில் தடித்த அரிசி நூடுல்ஸை இட்டு, கொதிக்கும் சாற்றை ஊற்றி, கரண்டியை அணை கொடுத்து அந்தச் சாற்றைப் பானைக்கே வடிப்பார். மறுபடி ஊற்றி மறுபடி வடிப்பார். ஆறிய நூடுல்ஸ் உள்ளே வரை சூடேறும் வரை இது நடக்கும். பிறகுதான் வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா எல்லாம் மேலே விழும். கூடவே ஒரு கரண்டியில் கறுப்பாகக் களிம்பு போல ஒன்று வரும். அதுதான் ஹே கோ, இனிப்பு கலந்த இறால் கூழ். முழுவதையும் ஒரேயடியாகக் கலக்காதீர்கள். பாதிக் கிண்ணம் புளிப்பாகவே சாப்பிடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். ஒரே கிண்ணத்தில் இரண்டு லக்சா கிடைக்கும். கேக் லோக் சி என்ற மலைமேல் பௌத்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் அடிவாரத்தில் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் தேடலாம்.

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து வருகிறேன். பினாங்கில் ஹொக்கியன் மீ கேட்டேன், சூப் வந்தது. தவறு யாருடையது?

பதில்: யாருடையதும் அல்ல. உங்கள் ஊரில் அந்தப் பெயருக்குக் கறுப்பு சோயாவில் வதக்கிய தடித்த மீ, அதாவது நூடுல்ஸ். இங்கே இறால் தலையும் பன்றி எலும்பும் கொதித்த சிவந்த சாற்றில் வரும் மீ. இரண்டும் நல்லவை.

கேள்வி: பாலத்தில் வருவதா, படகில் வருவதா?

பதில்: முதல் முறை என்றால் படகு. ரயிலில் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் வந்து இறங்கினால் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. கால் மணி நேரம் போலத்தான் பயணம். பாலம் 1985-இல் வந்தது, அதற்கு முன் எல்லாருக்கும் இந்தத் தண்ணீர்தான் வழி. தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மெல்லக் கிட்டே வருவதைப் பார்த்துக்கொண்டே கரை சேருங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் நடந்த தெருக்களை நான் பார்க்க முடியுமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: முடியும், ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2008-இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அதனால் பழைய தெருக்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன.

காலை ஏழரைக்குள் குயீன் தெரு மாரியம்மன் கோயிலில் தொடங்குங்கள். 1833-இல் எழுந்த கோயில் அது. வெளியே வந்தால் பினாங்கு தெரு: பூக்கடை, மசாலா அரைக்கும் கடை, பாத்திரக்கடை. அங்கிருந்து சூலியா தெரு. 'சூலியா' என்று அன்று அழைக்கப்பட்டவர்கள் தமிழ் முஸ்லிம்கள்தான். கிங் தெரு சந்திக்கும் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம் தெரியும், நாகூர் தர்கா. உங்கள் ஊர் நாகூர் ஆண்டவர் பெயரில் கடல் கடந்து வந்தவர்கள் எழுப்பியது. கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு நம்மூர்ப் பெயரைத் தாங்கிய அந்த மூலை என்னவாக இருந்திருக்கும் என்று அங்கே நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். சற்றுத் தள்ளி, காதர் முகைதீன் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதே சாலையில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், அதற்கப்பால் 1818-இல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். எல்லாம் நடக்கும் தூரம்தான்.

நடக்கும்போது காதையும் திறந்து வையுங்கள். மலாய்க்காரர் கடையைக் 'கெடாய்' என்பார், கப்பலைக் 'காபால்' என்பார், கட்டிலைக் 'காத்தில்' என்பார். ஆப்பம் 'ஆப்போம்' ஆகிவிட்டது. தாத்தாவின் தலைமுறையும் அவர்களுக்கு முன் வந்தவர்களும் விட்டுப்போன சொற்கள் இவை.

கேள்வி: தைப்பூசத்துக்கு வரலாமா? குழந்தைகளோடு சமாளிக்க முடியுமா?

பதில்: வாருங்கள், ஆனால் தங்குமிடத்தை வெகு முன்னதாகவே பிடித்துவிடுங்கள். குழந்தைகளுக்கு முந்தைய நாள் நல்லது. விடியலில் பினாங்கு தெருக் கோயில் வீட்டிலிருந்து நகரத்தார் வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். 2017 முதல் தங்க ரதமும் உண்டு. ரதம் வரும் வழியில் தேங்காய்கள் மலை போலக் குவிந்திருக்கும். சீனக் குடும்பங்களும் நேர்ந்துகொண்டு உடைப்பார்கள். குழந்தைகளைச் சிதறல் படாத தூரத்தில் நிறுத்துங்கள், செருப்புக்குப் பதில் மூடிய காலணி போட்டு விடுங்கள். மலைமேல் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், வெயில் ஏறுமுன் ஏறிவிடுவது நல்லது. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களில் சாப்பாடும் மோரும் இலவசம். தின்ன முடிந்த அளவே வாங்குங்கள். எச்சில் தட்டுகள் சாலையில் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் தாளாது.

கேள்வி: டுரியான் எப்போது?

பதில்: ஜூன், ஜூலை. பாலிக் பூலாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கே போய்விடுங்கள். 'ஆங் ஹே', 'ஹோர் லோர்' என்று தீவுக்கே உரிய வகைகள் உண்டு. இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடிக்கும்படி கடைக்காரரிடமே வரிசையை விடுங்கள். அறைக்கு எடுத்துப் போகாதீர்கள், விடுதிகள் அனுமதிப்பதில்லை. ஊருக்குக் கொண்டுபோக ஜாதிக்காய் ஊறல் வாங்கலாம். நம் ஊரில் கொட்டையை மட்டும் பார்த்தவர்கள் அதன் சதையைத் தின்பது தனி அனுபவம். 'தாவ் சார் பியா' என்ற பயற்றம்பருப்புப் பலகாரமும் புகழ்பெற்றது. பல இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், மதுரை வாசகி கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அக்கா, நானும் உங்களைப் போல உணவு பற்றி எழுத விரும்புகிறேன். நல்ல கேமரா வாங்கினால் போதுமா? (ஈப்போவிலிருந்து ஒரு தங்கை)

பதில்: கேமரா பிறகு வாங்கலாம், தங்கை. முதலில் ஒரே கடைக்கு ஐந்து முறை போ. ஐந்தாம் முறைதான் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார்.

எழுதத் தொடங்கிய புதிதில், லக்சா விற்கும் ஒரு பாட்டியைக் கேட்காமலே படம் எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டார். அந்த வெட்கம் பல நாள் போகவில்லை. மறு வாரம் வெறுங்கையோடு போய்ச் சாப்பிட்டேன். அதற்கடுத்த வாரமும் போனேன். நான்காவது வாரம் அவரே பேசினார். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவதையும், முள் களைந்து களைந்து விரல் நுனியில் ரேகை தேய்ந்துவிட்டதையும் சொல்லிக் கையை விரித்துக் காட்டினார். பிள்ளைகள் வெளிநாட்டில். கடையை எடுத்து நடத்த ஆள் இல்லை.

இப்படி எத்தனையோ கடைகள் இங்கே இருக்கின்றன. உள்ளூர்ப் பண்டங்களை அங்காடிகளில் உள்ளூர்க்காரரே சமைக்க வேண்டும் என்று 2016-இல் பினாங்கு அரசு விதி கொண்டுவந்தது. ஆனால் மூன்று மணிக்கு எழுந்திருக்க ஒரு பேரனோ பேத்தியோ முன்வர வேண்டும், அதை எந்த விதியாலும் செய்ய முடியாது. அதனால் நீ எழுதும்போது ருசியோடு செய்முறையையும் எழுது. எந்த மீன், எத்தனை மணி நேரம், எந்த இலை, யாரிடம் கற்றது என்று கேட்டு எழுது. காசு கொடுத்துச் சாப்பிடு. கூட்டம் இருக்கும்போது கேள்வி கேட்காதே.

எழுதியதை அவர்களிடம் படித்துக் காட்டு. அந்தப் பாட்டிக்கு நான் மலாயில் சொல்லிக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, மீன் அளவை ஓரிடத்தில் திருத்தினார். கடை இருக்கும் தெருவின் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். கூட்டம் வந்தால் தன்னால் தாங்க முடியாது என்றார். எடுத்துவிட்டேன்.